பாதாளத்துக்குப் போகும் வழி பழவேற்காட்டிலும் இருக்கிறது

மாயாஜாலப் படக்கதை என்றதும் நம் மாணவர்களின் நோட்டுப் புத்தகக் கடைசிப் பக்கத்தில் என்ன வரும்? ஒரு கல் கோட்டை, இரும்புக் கதவு, தீப்பந்தம், கூரான காது கொண்ட வில்வீரன், பொற்குவியல் மேல் படுத்திருக்கும் டிராகன்... வரைகிறவர் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், கதை நடப்பது ஐரோப்பாவில்! இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. படித்ததையும் விளையாடியதையும்தான் கை முதலில் வரையும்.

ஆனால் அதோடு நின்றுவிட்டால்தான் நஷ்டம். ஒரு பாதாள சாகசக் கதைக்கு இரவல் கோட்டை தேவையில்லை. அதற்குத் தேவை ஒரு விதி, ஒரு வரைபடம், புதையலுக்கு ஒரு விலை. இந்த மூன்றும் பழவேற்காடு ஏரிக்கரையிலேயே கிடைக்கின்றன.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1947-ல் 'அம்புலிமாமா'வைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் 1951-ல் 'பாதாள பைரவி' படத்தைத் தயாரித்தார்கள். குகைக்குள் இருக்கும் கேட்டதைத் தரும் சிலை, அதை அடைய ஒரு வீரனைப் பலி கொடுக்க நினைக்கும் மந்திரவாதி, இளவரசிக்காக இறங்கிப் போகும் தோட்டக்காரன் மகன். இன்று கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 'டஞ்சன்' என்று பார்ப்பதில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்தது 1974-ல்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாதாளம் ஒன்றும் புதிய இடமில்லை.

தமிழ் காமிக்ஸ் போன பாதை வேறு. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. அது பிரிட்டிஷ் கதையின் தமிழாக்கம். 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் பெரும்பாலும் அயல்நாட்டுக் கதைகளைத்தான் தந்தது. இரண்டு தலைமுறைக்கு வாசிக்கும் சுவையைத் தந்தவை இவை, மறுப்பதற்கில்லை. ஆனால் வாசிக்கப் பழகிய அளவுக்கு நாம் உருவாக்கப் பழகவில்லை.

விதி

விதிக்கு நல்ல பாடம் விக்கிரமாதித்தன் கதை. தோளில் பிணம், கையில் வாள். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். ஒரே ஒரு விதிதான், அதை வைத்துக்கொண்டு எத்தனை கதைகள்! ஓவியர் சங்கர் அம்புலிமாமாவில் பல பத்தாண்டுகள் வரைந்த அந்த உருவம், அவர் 2020-ல் மறைந்த பிறகும் நினைவில் நிற்கிறது. அதற்குக் காரணம் கோட்டின் அழகு மட்டுமில்லை, அந்த ஒரு படத்திலேயே விதி முழுவதும் அடங்கியிருப்பதுதான்.

புதிதாகக் கதை செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பத்து அரக்கர்கள், இருபது ஆயுதங்கள், விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! நாயகனுக்கு எதையும் செய்யும் சக்தி வந்துவிட்டால் வாசகனுக்குப் பயம் போய்விடும். பயம் போனபின் பாதாளம் எதற்கு?

வரைபடம்

அடுத்தது வரைபடம். கதையை எழுதும் முன் கட்டம் போட்ட தாளில் பாதாளத்தை வரைந்துகொள்வது அந்த 1974 விளையாட்டு பழக்கிய வழக்கம். ஜப்பானின் ரியோகோ குய் 2014 முதல் 2023 வரை வரைந்த 'டெலிசியஸ் இன் டஞ்சன்' இன்னும் ஒரு படி மேலே போனது. பாதாளத்தில் வாழும் பூதங்கள் எதைத் தின்கின்றன, அவற்றை எது தின்கிறது என்று யோசித்தாலே ஒரு முழு உலகம் வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியைப் பழவேற்காட்டில் கேட்டுப் பாருங்கள். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பரந்து கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கிறது, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் வழி அடைபடும், அப்புறம் வலையும் காலி. மூடித் திறக்கும் வாசல், மாறும் தண்ணீர், உள்ளே வந்து உருமாறித் திரும்பும் உயிர்... இதைவிடப் பெரிய மாயக் கதவை யார் கற்பனை செய்ய முடியும்?

மனிதர்கள் போட்ட விதியும் அங்கே இருக்கிறது. அதன் பெயர் 'பாடு'. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. சண்டையைத் தவிர்க்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாட்டு உரிமை எல்லோருக்கும் இல்லை. உரிமை உள்ள குப்பங்கள் உண்டு, வெளியே நிற்பவர்களும் உண்டு. கதைக்கான முரண்பாடு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

விலை

மூன்றாவது விலை. இங்கேதான் நிதானம் தேவை.

'டஞ்சன்' என்ற சொல்லின் மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு முதலில் கோட்டையின் பெரிய கோபுரம் என்று பொருள். நிலத்தடிச் சிறை என்ற பொருள் பிறகுதான் வந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள், 17-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கும் அனுப்பினார்கள். பஞ்ச காலங்களில் பசி தாங்காமல் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. கோட்டை இருந்த இடம் இன்று புதர். டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன.

படக்கதை வரைகிறவருக்கு அந்த வாசலைப் பார்த்ததும் கை பரபரக்கும். எலும்புக்கூடு எழுந்து வாள் சுழற்றுவதுபோல் ஒரு பக்கம் வரைந்துவிடலாம். ஆனால் அழகான கல்லறைகளெல்லாம் வியாபாரிகளுக்குத்தான். கப்பலேறியவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. புதையலை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாரை விற்ற காசு என்று கேட்காமல் போகும் கதை அந்த வியாபாரியின் கணக்குப் புத்தகத்தைத்தான் மறுபடி எழுதுகிறது. பொன்னைத் தொட்டதும் விற்கப்பட்டவரின் பெயர் காதில் கேட்க வேண்டும், அந்தப் பெயரைச் சுமந்து வந்தால்தான் வெளியேறும் கதவு திறக்கும் என்று ஒரு விதி வைத்தால்? அப்போது பயமும் இருக்கும், நியாயமும் இருக்கும்.

நாயகன் யார்? எண்ணூர் முதல் பழவேற்காடு வரையுள்ள நீர்ப்பரப்பில் இருளர் பெண்கள் வலையில்லாமல் இறால் பிடிக்கிறார்கள். பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பது. கூடை வாயில் இருக்கும்வரை பேச முடியாது. வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் போச்சு! விக்கிரமாதித்தனின் மௌனத்துக்கு இதைவிடச் சரியான வாரிசு உண்டா? பாட்டு உரிமை இல்லாத ஒரு பெண், கூடையைக் கடித்தபடி, பேசாமல் பாதாளத்தில் இறங்குகிறாள். கேள்வி கேட்கும் வேதாளம் அங்கே காத்திருக்கிறது...

பக்கம்

இதன் பிறகுதான் பேனா. பேசாத நாயகி என்பதால் ஒரு லாபமும் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே பேச்சுக் குமிழியில் பாதியை அடைத்துவிடும். படம் வரைந்தபின் எழுத்தைத் திணிப்பதால்தான் பல முயற்சிகள் மூச்சுத் திணறுகின்றன. முதலில் வசனம், அதற்கான இடம், பிறகு படம் என்பதே தமிழுக்கு ஏற்ற வரிசை. அதிர்ச்சி தரும் காட்சியை வாசகன் பக்கத்தைப் புரட்டியதும் இடப்பக்கத்தில் வைக்க வேண்டும், எதிர்ப்பக்கத்தில் வைத்தால் கண் முன்னாலேயே ஓடிப் பார்த்துவிடும்.

'மாயாஜாலம் என்பதே கவலையை மறக்கத்தானே, குப்பத்துக் கஷ்டத்தை எதற்கு உள்ளே இழுக்க வேண்டும்?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிரசாரமாக எழுதினால் யாரும் இரண்டாம் பக்கம் போக மாட்டார்கள். ஆனால் மறக்க வைப்பதற்கும் ஒரு உலகம் நம்பும்படி இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மீனவக் கிராமங்கள் குரல் கொடுத்து வந்திருக்கின்றன. வாசல் அடைபடுமோ என்ற அந்தப் பயம், எந்த டிராகனும் தர முடியாத பயம்.

கடைசியாக ஒன்று. அந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கதையை வாசித்து, 'இது எங்க முகத்துவாரம்தானே?' என்று கேட்க வேண்டும். அவர்களில் ஒருவர் பென்சிலை வாங்கி 'தோணி இப்படி இருக்காது' என்று திருத்தினால் இன்னும் நல்லது. இரவல் டிராகனை யாரும் திருத்த முடியாது. சொந்த ஏரியை எல்லோரும் திருத்தலாம்.