ஃப்ரிட்ஜின் முதுகுச் சூடு, வீட்டுக்குக் கணப்பு

மகளை இங்கிலாந்தில் கட்டிக் கொடுத்திருக்கும் சேலத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மாப்பிள்ளை வீட்டில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, ஹீட் பம்ப் என்று ஏதோ வைக்கப் போகிறார்களாம். அரசாங்கமே 7,500 பவுண்டு கொடுக்கிறதாம். என் மகள் கைக்குழந்தைக்காரி. குளிரில் விறைத்துப் போவாளோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் அங்கேயே இருப்பவர், விவரமாக எழுதுங்களேன்."

கவலைப்படாதீர்கள் அம்மா. 2024 செப்டம்பரில் லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் எங்கள் மூன்று படுக்கையறை வீட்டிலும் இதைத்தான் வைத்தோம். ஒரு முழுக் குளிர்காலத்தைப் பார்த்தாகிவிட்டது. நல்லதையும் அல்லாததையும் அப்படியே சொல்கிறேன்.

முதலில், இது என்ன? உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சி அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. தோட்டத்தில் நிற்கும் பெட்டி வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து, வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்கு ஏற்றுகிறது. "பனி கொட்டும்போது காற்றில் ஏது சூடு?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. பெட்டிக்குள் ஓடும் திரவம் பனிக்காற்றைவிடக் குளிர்ச்சியானது. அதனால் அந்தக் காற்றிலிருந்தும் அதற்குச் சூடு கிடைத்துவிடும். நன்றாகப் பொருத்திய பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும்.

இப்போது பணத்துக்கு வருவோம். எங்களுக்குப் போட்ட மொத்த மதிப்பு 13,200 பவுண்டு. வெளிப் பெட்டி, 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டி, நான்கு பெரிய ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து. மானியம் 7,500 போக, நாங்கள் கட்டியது 5,700. இந்த மானியம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. 2022-இல் தொடங்கியபோது 5,000 பவுண்டாக இருந்தது. 2023 அக்டோபர் 23 முதல் 7,500 ஆயிற்று. ஸ்காட்லாந்தில் அந்த அரசின் தனித் திட்டம். தவிர, பிரிட்டனில் வீட்டு ஹீட் பம்ப்புக்கு 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச் 31 வரை 'வாட்' வரி கிடையாது.

மானியப் பணம் நம் கைக்கு வராது, இதைக் கவனியுங்கள். 'எம்.சி.எஸ்.' சான்று பெற்ற நிறுவனம் நம் சார்பில் 'ஆஃப்ஜெம்' அமைப்புக்கு விண்ணப்பிக்கும். நாம் சம்மதம் சொன்னால் போதும். தொகையைக் கழித்துக்கொண்டுதான் நமக்கு பில் வரும். "முழுப் பணத்தையும் முதலில் கட்டுங்கள், மானியம் பிறகு உங்களுக்கு வரும்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த 5,700 பவுண்டு நாங்கள் ஊருக்குப் போகச் சேர்த்து வைத்திருந்த பணம். கும்பகோணத்தில் என் அம்மா சின்னவளை இன்னும் நேரில் பார்த்ததே இல்லை. "ஏங்க, இது டிக்கெட் பணமாச்சே" என்றேன். அவர், "பாய்லருக்குப் பதினேழு வயசு. ஜனவரியில் நின்றுபோனால், வருகிறவன் கேட்கிறதைக் கொடுத்துத்தானே ஆகணும்?" என்றார். புதுக் கேஸ் பாய்லரே எங்களுக்கு 2,800 பவுண்டு ஆகும் என்றிருந்தார்கள். ஆக, கூடுதல் செலவு 2,900. அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "குழந்தைகள் குளிரில் கிடக்கக் கூடாது. நான் எங்கே போய்விடப் போகிறேன், அடுத்த வருஷம் வா" என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு இந்தப் பணத்தில் ஒரு பென்ஸும் வீணாகக் கூடாது என்று இறங்கினேன்.

முதலில் வந்த விற்பனைக்காரர் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அளவு நாடாவை எடுக்கவே இல்லை. "ரேடியேட்டர் ஒன்றையும் மாற்ற வேண்டாம் மேடம்" என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்தவர் மூன்று மணி நேரம் அறை அறையாக அளந்தார். ஜன்னல் எத்தனை, சுவருக்குள் பஞ்சு அடைத்திருக்கிறதா, பரணில் எத்தனை அங்குலம் கம்பளி விரித்திருக்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "உங்கள் வீட்டுக்கு 6 கிலோவாட் போதும். ஆனால் நான்கு ரேடியேட்டரை மாற்றியே ஆகணும்" என்றார். செலவு கூடச் சொன்ன அவரிடமே கொடுத்தோம்.

ஏன் என்கிறீர்களா? கேஸ் பாய்லர் பெரும்பாலும் தண்ணீரை 65, 70 டிகிரிக்குச் சுட வைத்து அனுப்பும். ஹீட் பம்ப்புக்கு 45 டிகிரிதான் சௌகரியம். சூடு குறைவாக வந்தால் அதைப் பரப்பும் தகடு பெரிதாக இருக்க வேண்டும். சின்னத் தகட்டை வைத்துக்கொண்டு பம்ப்பை 60 டிகிரிக்கு விரட்டினால், கரண்ட் பில் கண்ணைக் கட்டும்.

கணக்கைப் பாருங்கள். எங்கள் வீடு வருஷத்துக்கு 12,000 யூனிட் கேஸ் எரித்தது. 2025-இன் கடைசி மூன்று மாத விலைப்படி கேஸ் யூனிட் 6.3 பென்ஸ், மின்சாரம் ஏறத்தாழ 26 பென்ஸ். கேஸுக்கு 756 பவுண்டு, இணைப்புக் கட்டணம் சுமார் 124, ஆக 880. ஹீட் பம்ப் முதல் வருஷத்தில் இழுத்தது 3,300 யூனிட். அதே விலையில் 858 பவுண்டு. மிச்சம் இருபத்திரண்டே பவுண்டு! ஒரு யூனிட்டுக்கு இரண்டரை யூனிட் சூடுதான் கிடைத்திருந்தால் 1,061 பவுண்டு ஆகியிருக்கும். மூன்றரை கிடைத்தால் 758. அளந்து வைப்பதற்கும் அளக்காமல் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். "வருஷத்துக்கு ஆயிரம் மிச்சம்" என்று கேஸ் வீட்டுக்காரர்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இணைப்புக் கட்டணம் மிச்சமாக வேண்டுமானால் சமையல் கேஸையும் விட வேண்டும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இண்டக்ஷன் அடுப்பில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலை செய்யும். இரும்பு தோசைக்கல் ஜோராக ஒத்துக்கொண்டது. அடி தட்டையாக இருந்தால் சரி. பித்தளை உருளியும் அலுமினிய இட்லிப் பானையும் பரணுக்குப் போயின. அப்பளம் சுடத் தணல் இல்லை. பழகிக்கொண்டேன்.

இன்னொன்று, இடம். பழைய 'காம்பி' பாய்லருக்குத் தொட்டி கிடையாது. ஹீட் பம்ப்புக்குத் தொட்டி கட்டாயம் வேண்டும். கொலுப் பொம்மைகளை வைத்திருந்த அலமாரி அதற்குப் போயிற்று.

குளிர்காலம் எப்படிப் போயிற்று? ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புத்தான். "இது சுடவே இல்லையே" என்று மாமியார் ஒரு வாரம் சொன்னார். ஆனால் ராத்திரி பகல் வீடு 20 டிகிரியில் நின்றது. பெரிய தீயில் பாலைப் பொங்கவிடுவதற்கும், சிறு தீயில் நிதானமாகக் காய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசம்! அடிக்கடி நிறுத்திப் போடாமல், மிதமாக ஓடவிட வேண்டும். தவழும் குழந்தை தகட்டைப் பிடித்தாலும் கை பொசுங்காது. கேஸ் பாய்லர் பழுதானால் கசியக்கூடிய கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுப் பயமும் போயிற்று. ஆனால் சுவரில் பூஞ்சணம் பிடிப்பதை இது தானாகத் தீர்த்துவிடாது. துணியை அறைக்குள் உலர்த்தினால் ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும்.

உங்கள் மகளிடம் சொல்ல வேண்டியவை:

• அறை அறையாக அளந்த கணக்கை எழுத்தில் வாங்கவும். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்கவும்.

• வேலையைக் கோடையிலோ செப்டம்பரிலோ வைத்துக்கொள்ளவும். எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. இரண்டு நாள் வெந்நீர் இல்லை.

• வெளிப் பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் நடைபாதையில் உறைந்தால் வழுக்கும். சரியான வடிகால் கேட்கவும். குளிர் நாளில் பெட்டியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பினால் பயம் வேண்டாம். படிந்த பனியை அது தானே உருக்கிக்கொள்கிறது.

• கிருமி ஒழிய, வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்படி வைத்திருப்பார்கள். அது எந்த நாள் என்று தெரிந்துகொள்ளவும். அன்று குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையால் பதம் பார்க்கவும்.

• தொட்டி மூடிய அலமாரியில் குழந்தைத் துணிகளை மடித்து வைக்கலாம். இளஞ்சூடாக இருக்கும்.

சேலத்து அம்மா, பெட்டி சரியாக அமைந்தால் உங்கள் பேரக்குழந்தை விறைக்காது. அளவு நாடா இல்லாமல் வருகிறவரிடம் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மகளுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்த இதழில்: குளிர் நாட்டில் இட்லி மாவைப் புளிக்க வைக்க நான் செய்யும் உபாயங்கள்.