துபாஷிக்கு ஏன் பேர் நிற்கவில்லை?

மும்பையில் ஜஹாங்கீர் ஓவியக் கூடத்தை ஒட்டிச் செல்லும் ஒரு சாலைக்குக் கே. துபாஷ் மார்க் என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் அதனை ராம்பார்ட் ரோ என்று அழைத்தார்கள். நம் சென்னையில், சூளைப் பகுதியில், அவதானம் பாப்பையா சாலை என்று ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு சாலைகளுக்கும் ஓர் உறவு உண்டென்று சொன்னால் பலர் வியக்கக்கூடும். மும்பைச் சாலையில் ஒரு தொழிலின் பெயர் குடும்பப் பெயராகி நிற்கிறது. சென்னைச் சாலையில் அதே தொழிலைச் செய்தவரின் பெயர் நிற்கிறது. தொழிலின் பெயரைக் காணோம். துபாஷித் தொழில் கொடிகட்டிப் பறந்தது சென்னையிலும் புதுச்சேரியிலும். அது குடும்பப் பெயராக நிலைத்ததோ பம்பாயில். இது ஏன் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துபாஷி என்பது இரு மொழி அறிந்தவன் என்று பொருள்படும் வடசொல்லின் திரிபு. சொல்லுக்குப் பொருள் அவ்வளவுதான். ஆனால் செயலில் அவன் மொழிபெயர்ப்பாளன் மட்டும் அல்லன். சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்கும்; மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்து, வெள்ளைக்கார இளைஞன் கரையில் வந்து இறங்குவான். அவனுக்கு இந்த ஊரின் மொழி தெரியாது. காசின் மதிப்புத் தெரியாது. எவரிடம் என்ன கேட்பதென்றும் தெரியாது. அந்த இடத்தில் சலாம் வைத்து நிற்பவர் துபாஷி. வீடு, பல்லக்கு, வேலையாட்கள், சமையற்காரர் எல்லாம் அவர் ஏற்பாடு. கம்பெனியின் ‘ரைட்டர்’ என்னும் கடைநிலை உத்தியோகத்துக்குத் தொடக்கக் காலத்தில் ஆண்டுச் சம்பளம் 5 பவுன். அதை வைத்துக்கொண்டு துரையாக வாழ முடியுமா? எனவே கடன் கொடுப்பவரும் துபாஷியே. பிறகு அந்தத் துரை சொந்த வாணிகம் செய்யத் தொடங்கும்போது, தரகரும் கூட்டாளியும் அவரே. துரை உயர உயரத் துபாஷியும் உயர்ந்தார். துரை மேலே துபாஷி கீழே என்று நாம் நினைக்கிறோம். பல வீடுகளில் பணப்பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்று பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும்.

1639ஆம் ஆண்டில் கம்பெனி சென்னையில் கால் ஊன்றியபோது பிரான்சிஸ் டேயின் பக்கத்தில் நின்றவர் பேரி திம்மப்பா. ஆளுநர் பிகட்டின் துபாஷி மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். 1757இல் கம்பெனியார் பழைய சென்னகேசவப் பெருமாள் கோயிலை இடித்த பிறகு, புதிய கோயில் எழுவதற்கு முன்னின்றவர் அவர்; இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவரும் அவரே. பச்சையப்ப முதலியாரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1754இல் பிறந்து 1794இல், நாற்பது வயதில், மறைந்த அவர் விட்டுச்சென்ற பணத்திலிருந்து 1842இல் ஒரு பள்ளி பிறந்தது. அதுவே பின்னர்க் கல்லூரி ஆயிற்று. புதுச்சேரியில் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக 1747 முதல் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கித் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, தென்னாட்டு வரலாற்றுக்கு ஒரு கருவூலம். பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர்களின் காரியம் பார்த்தவர், இரகசியத்தையெல்லாம் தமிழில் எழுதி வைத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. இப்பேர்ப்பட்டவர்களின் வழித்தோன்றல் ஒருவராவது துபாஷி என்று தம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நம்மிடையே நடமாடுகிறாரா?

மொழிபெயர்ப்பாளனின் தொழில் குடும்பப் பெயரானது பிற நாடுகளிலும் உண்டு. ஆனால் எங்கும் அது அரிய பெயரே. இங்கிலாந்தில் லாட்டிமர் என்று ஒரு பெயர் இருக்கிறது. 1555இல் சமயக் கொள்கைக்காக உயிரோடு எரிக்கப்பட்ட ஹியூ லாட்டிமரின் பெயர் அது. இலத்தீன் அறிந்தவன், ஆகவே மொழிபெயர்ப்பவன் என்பது அதன் பொருள். வில்லியம் அரசன் 1086இல் எடுத்த நிலக் கணக்கிலேயே இந்தப் பட்டம் காணப்படுகிறது. ருஷ்யாவில் தொல்மாச்சேவ் என்ற பெயருக்கும், ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் டோல்மெட்ச் என்ற பெயருக்கும் மொழிபெயர்ப்பாளன் என்பதே வேர். இவற்றை ஸ்மித் என்ற பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்மித் என்றால் கொல்லன். 1850களில் இங்கிலாந்தின் பதிவுத் துறையினர் கணக்கிட்டபோது அந்நாட்டில் ஏறத்தாழ 73 பேருக்கு ஒருவர் ஸ்மித்தாக இருந்தார். காரணம் வெளிப்படை. ஊருக்கு ஊர் உலைக்களம் வேண்டும். மொழிபெயர்ப்பாளனோ அரசன் இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டும். உழவனுக்கும் கொல்லனுக்கும் நடுவில் மொழிபெயர்ப்புக்கு என்ன வேலை?

இனிப் பம்பாய்க்கு வருவோம். அங்கும் கம்பெனி இருந்தது, அங்கும் துபாஷிகள் இருந்தார்கள். ஆனால் சொல்லின் பொருள் சற்றே மாறிற்று. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி, சென்னைத் துபாஷியை மொழிபெயர்ப்பாளன் என்றும் தரகன் என்றும் சொல்கிறது. பம்பாயிலோ அச்சொல் கப்பலுக்கு வேண்டிய பொருள்களைக் கொடுப்பவனைக் குறித்தது. வந்து நிற்கும் கப்பலுக்குத் தண்ணீர், விறகு, காய்கறி, கயிறு எல்லாம் வேண்டும். கப்பல் தலைவனோடு அவன் மொழியில் பேசத் தெரிந்தவனே அந்த வாணிகத்தைப் பிடிக்க முடியும். அவ்வாறு பிடித்தவர்களில் பார்சிகள் பலர்.

பார்சிகளுக்கும் ஆதியில் குடும்பப் பெயர் இல்லை. தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான், நம்மைப் போலவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கம்பெனிக் கணக்குப் புத்தகங்களுக்கும் கோர்ட்டுப் பத்திரங்களுக்கும் ஒரு நிலையான கடைப்பெயர் தேவைப்பட்டபோது, பலர் செய்கிற தொழிலையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். வக்கீல், தலால், கான்ட்ராக்டர், எஞ்சினியர், சாராயம் விற்றவர் தாருவாலா என்று அப்பெயர்களைப் படிக்கும்போதே ஒரு கடைத்தெரு கண்முன் விரிகிறது. கையில் எப்போதும் ரொக்கம் வைத்திருந்தவர்களுக்கு ரெடிமணி என்றே பெயர் நிலைத்துவிட்டது! கப்பல் கட்டியவர்கள் வாடியா. 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நுசர்வான்ஜியின் வழியினர் அவர்கள். அவர்கள் 1817இல் கட்டிய போர்க்கப்பல் ஒன்று திரிகோணமலையின் பெயரைத் தாங்கி இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. கட்டிய கப்பலுக்குச் சாமான் கொடுத்தவர் துபாஷ். வாடியாவின் பெயர் ஓங்கியது, துபாஷ் அரிதாயிற்று.

அரிதான பெயர் மேலும் அரிதாவதற்கு ஒரு கணக்கு உண்டு. 1873இல் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு பத்திரிகையில் வினா ஒன்றை எழுப்பினார்: புகழ்பெற்ற குடும்பப் பெயர்கள் மறைந்துபோவதற்குத் திறமைக் குறைவு காரணமா, வெறும் தற்செயல் காரணமா? வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு விடை தந்தார். பெயர் மகன் வழியாகத்தானே செல்கிறது? சிலருக்கு மகள்களே பிறப்பார்கள். சிலருக்குக் குழந்தை இராது. ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இல்லாத சமுதாயத்தில், காலம் செல்லச் செல்ல ஒவ்வொரு பெயரும் அணைந்தே தீரும். சிறிய குடும்பத்தின் பெயர் முதலில் அணையும். பிரிவினைக்கு முன், 1941இல், இந்தியாவில் பார்சிகள் 1,14,890 பேர். 2011இல் 57,264 பேர். எழுபது ஆண்டுகளில் பாதி! அந்தச் சிறு கூட்டத்துக்குள் ஒரு சிறு பகுதிதான் துபாஷ் குடும்பங்கள். கால்டனின் கேள்வியை இதைவிட நன்றாக விளக்கும் எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா?

நம் நாட்டுக்குத் திரும்புவோம். தமிழனுக்குக் குடும்பப் பெயரே இல்லையே, பிறகு துபாஷி எப்படிக் குடும்பப் பெயராகும் என்று கேட்கலாம். அது பாதி விடைதான். குடும்பப் பெயர் இல்லாவிட்டாலும் பெயருக்குப் பின்னே பட்டம் இருந்தது. முதலியார் என்றும் பிள்ளை என்றும் ஐயர் என்றும் செட்டியார் என்றும் தலைமுறை தலைமுறையாக அது ஒட்டிக்கொண்டு வந்தது. கணக்கு எழுதியவர் கணக்கர் என்று ஒரு குலமாகவே ஆனதும் உண்டு. ஆக, நம் சமுதாயத்தில் ஒரு தொழில் பெயராக நிலைக்க வேண்டுமானால் முதலில் அது சாதியாக வேண்டும். துபாஷித் தொழில் சாதியாகவில்லை. பாப்பையா பிராமணர், பச்சையப்பர் முதலியார், ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர், அவருக்கு முன்பு புதுச்சேரியில் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். மொழி தெரிந்தவன் எவனோ, துரையின் நம்பிக்கையைப் பெற்றவன் எவனோ, அவனே துபாஷி. இந்தத் தொழிலுக்குள் நுழையப் பிறப்பு மட்டும் போதாது. அதனால்தான் அது பிறப்பைக் குறிக்கும் பட்டமாக மாற முடியவில்லை என்பது என் கருத்து. துபாஷ் என்ற சொல் பெயருக்கு முன்னே நின்றது. ஆள் இருந்தவரை இருந்தது. ஆள் போனதும் போயிற்று. பின்னே நின்ற சாதிப் பட்டம் மட்டும் மகனுக்கு இறங்கியது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டத்தையும் விடச் சொன்னது; மெல்ல மெல்ல அதுவும் நம் பெயர்களிலிருந்து உதிர்ந்தது. அதைப் பற்றி வருந்துவோர் கூட்டத்தில் நான் இல்லை.

வேறொரு காரணமும் சொல்வார்கள். துபாஷி கெட்டவன், காட்டிக் கொடுத்தவன், ஆகவே அந்தப் பெயரைச் சொல்ல வழியினர் வெட்கினார்கள் என்பார்கள். துபாஷிகள் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. வட்டி வாங்கினார்கள், துரைக்கு வேண்டியதைச் செய்து தமக்கு வேண்டியதைப் பெற்றார்கள். ஹாலண்டு சகோதரர்களிடம் துபாஷியாக இருந்த பாப்பையா, கம்பெனி அதிகாரி ஒருவர்மீது சதி செய்தாரென்று 1792இல் வழக்கில் நிறுத்தப்பட்டார். ஆங்கிலக் கதாசிரியர் வால்டர் ஸ்காட் 1827இல் எழுதிய கதை ஒன்றில் பாப்பையா என்ற பெயரிலேயே ஒரு துபாஷி வருகிறான், நல்லவனாக வரவில்லை. ஆனால் அவமானம்தான் காரணமென்றால், அந்தப் பாப்பையாவின் பெயரைச் சாலைக்கு வைத்திருக்க மாட்டார்களே!

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவன்மீது இரண்டு பக்கத்தாரும் ஐயம் கொள்வது இயற்கை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர் நயினியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராய் இருந்தவர், 1716இல் கைது செய்யப்பட்டு 1717இல் சிறையிலேயே இறந்தார். பின்னர்த் தீர்ப்பு மாற்றப்பட்டது. செத்தவருக்கு அதனால் என்ன பயன்? அவர் மகன் பாரிசு வரை சென்று நியாயம் கேட்டான். அந்த அறிவும் துணிவும் மொழி கொடுத்தவை அல்லவா?

1812இல் எல்லிஸ் துரை சென்னையில் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கி, இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்கச் செய்தார். துரையே தமிழ் படித்துவிட்டால் துபாஷி எதற்கு? வணிக நிறுவனங்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் துபாஷிகள் இருந்தார்கள். அரசாங்கத்தில் அவர்கள் காலம் முடிந்தது.

குடும்பப் பெயர்களை எண்ணிப் பழைய தொழில்களைக் கண்டுபிடிப்பது மேல்நாட்டில் ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவோரிடம்தான் எனக்குச் சண்டை. அவர்கள் கணக்குப்படி பம்பாயில் சில துபாஷிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒருவரும் இல்லை! பெயர் இல்லாததால் தொழில் இல்லை என்று ஆகிவிடாது. எண்ணிக்கை காட்டுவது பெயரிடும் வழக்கத்தைத்தான்.

இப்போது கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதில் தகப்பனார் பெயரை எழுதுகிறார்கள். வெளிநாட்டில் குடியேறியதும் அதுவே மனைவிக்கும் மக்களுக்கும் பெயராகிவிடுகிறது. எங்கோ வயலில் உழுத முருகேசன், தமக்குத் தெரியாமலே, டொராண்டோவில் ஒரு குடும்பத்தின் பெயராகிறார். நூறு ஆண்டு கழித்து ஒருவர் முருகேசன் என்பது என்ன தொழில் என்று ஆராய்ச்சி செய்யலாம்.

அவர் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். நம் கையில் இருப்பது நம் வீட்டுப் பழைய கிரயப் பத்திரங்கள். அவற்றில் பாட்டனார் பெயருக்கு முன்னே துபாஷ் என்றோ, கணக்கு என்றோ, வேறு தொழிலின் பெயரோ எழுதியிருக்கும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர்கள் அவற்றைப் பார்த்து ஆண்டோடு குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த ஆண்டு மலரில் ஒரு பட்டியலாகவே வெளியிட்டுவிடலாம்.