நிற்கக் கற்பித்தவர் உட்காரவும் கற்பிக்கட்டும்



டி. கல்லுப்பட்டியிலிருந்து காலைப் பேருந்தில் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் கடை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் சிலர், சில ஆண்டுகளில் புதிய பணியாளருக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்புக்கு உயர்கிறார்கள். இந்த வாரம் அவர்களோடும், அவர்களை வளர்த்த உங்களோடும் ஒரு காரியத்தைப் பேச விரும்புகிறேன்.

பயிற்சியாளர் எவற்றைக் கற்பிக்கிறார்? வணக்கம் சொல்வது, சேலையை விரித்துக் காட்டி மீண்டும் மடிப்பது, ரசீது போடுவது, சினந்து பேசும் வாடிக்கையாளரிடம் பொறுமை காப்பது. இவை யாவும் நல்ல பாடங்களே. ஆனால் எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத ஒரு பாடமும் உண்டு: ஆள் வராத நேரத்திலும் உட்காராதே என்பது அது. புதிதாய்ச் சேர்ந்த பெண் அதைப் பயிற்சியாளரின் நிற்கும் கால்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறாள். மாலையில் அவள் கால்கள் வீங்கியிருப்பதைத் தாய் மட்டுமே காண்கிறாள்.

கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியபின், 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவையும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும்; வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆயினும் சட்டம் முக்காலியைப் போடலாமே தவிர, அச்சத்தைப் போக்காது. பயிற்சியாளர் முதலில் உட்காராதவரை அந்த முக்காலி வெறுமையாகவே கிடக்கும். உட்கார்ந்தால் கடைக்கு மதிப்புக் குறையும் என்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத வேளையில் இளைப்பாறியவர், அவர் வரும்போது மலர்ந்த முகத்தோடு எழுவார். இதில் கடைக்கு என்ன நட்டம்? பயிற்சியாளரும் மேலாளரின் கண்ணுக்கு அஞ்சும் சம்பளக்காரரே என்பதை நான் மறக்கவில்லை. ஆகையால்தான் அவர் உட்காருவது சிறிய செயல் அன்று என்கிறேன்.

நம் ஊரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்கியல் பயின்ற அந்தக் கிறிஸ்தவர், 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். உழைப்பை அது ஈட்டும் பணத்தால் மட்டும் அளவிடலாகாது, உழைப்பவரின் ஆளுமை அதில் வளருகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு கடையின் பயிற்சியையும் இந்தக் கோலால் அளந்து பாருங்கள்.

யோவான் 13ஆம் அதிகாரத்தில் போதகராகிய ஆண்டவர், சீஷருடைய கால்களைத் தாமே கழுவினார். முதலில் செய்துகாட்டினார், பின்பே அவர்களையும் அவ்வாறு செய்யச் சொன்னார். களைத்த கால்களைக் கவனிப்பது போதகரின் மாண்புக்குக் குறைவு என்று அவர் எண்ணவில்லை.

பயிற்சி அளிக்கும் சகோதரனே, சகோதரியே, நாளைக் காலை புதியவரிடம் முக்காலியைக் காட்டி, நீங்களே முதலில் உட்காருங்கள். கடைக்குச் செல்லும் நாமும், உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டு முகம் சுளியாமல், "பரவாயில்லை, உட்காரம்மா" என்று சொல்லப் பழகுவோம்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.