கொண்டை ஊசி வளைவில் யார் நிற்க வேண்டும்?



கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலை ஏற ஆரம்பித்தால் சாலையோரம் முக்கோணப் பலகை வரும். சிவப்பு ஓரம். நடுவில் மேலே போய் வளைந்து மறுபடி கீழே பார்க்கிற ஒரு கறுப்பு அம்பு. அதுதான் "கொண்டை ஊசி வளைவு". பஸ்சில் போகும்போது எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் அர்த்தம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறோம். எங்கள் வகுப்பில் கேட்டேன். மலை கொண்டை போட்ட மாதிரி இருப்பதால் என்றாள் ஒருத்தி. ஊசி மாதிரி குத்தும், அதாவது ஆபத்து என்றான் ஒருவன்.

கொண்டை ஊசி எங்க ஆயா தலையில் இன்னும் இருக்கிறது. ஒரு கம்பியை நடுவில் மடக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் அதுதான். நாம கிளிப்பும் ரப்பர் பேண்டும் போடுவதால் அதை மறந்துவிட்டோம். சாலை ஒரு கால் வழியாகப் போய், மடங்கின இடத்தில் திரும்பி, இன்னொரு கால் வழியாக வந்த திசைக்கே வருகிறது. இங்கிலீஷில் ஹேர்பின் பெண்ட். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும்கூட இதே ஊசியை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள். நம்ம டிரைவர்களுக்கு வெறும் "பெண்டு".

நேராக ஏறினால் வண்டி ஏறாது. அதனால் சாலையை மடித்து மடித்து நீளமாக்கி, ஏற்றத்தைக் குறைக்கிறார்கள். கொல்லிமலையில் 70 வளைவு, வால்பாறைக்கு 40, திம்பத்தில் 27, ஏற்காட்டில் 20. டூர் போய்விட்டு வந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்லுவாங்க. எண்ணுவதற்காகவா பலகை வைத்தார்கள்?

சாலைப் பலகைகளில் சிவப்பு வட்டம் என்றால் கட்டளை. முக்கோணம் என்றால் பெரும்பாலும் எச்சரிக்கை மட்டும். முன்னால் இது இருக்கிறது என்று சொல்லும், நீ என்ன செய்யணும் என்று சொல்லாது. அது ஓட்டுபவருக்கே தெரிந்திருக்கணும். கோளாறு இங்கேதான் என்பது என் கருத்து. பெரியார் அருவி, மேகம் அருவி பார்க்க ஞாயிற்றுக்கிழமை கீழிருந்து வருகிறவர்களில் பலர் சமதரையில் மட்டுமே ஓட்டியவர்கள். எழுத்தைப் படிக்கிறார்கள், செய்ய வேண்டியது தெரியவில்லை.

வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கணும், ஹாரன் அடிக்கணும், வளைவில் முந்தக்கூடாது. இதெல்லாம் ஓரளவு தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. மலைச் சாலையில் இரண்டு வண்டி தாராளமாக விலக இடமில்லை என்றால், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டு சாலை விதிமுறைகளில் 25-வது விதியாக எழுதியது இது. எல்.எல்.ஆர். தேர்விலும் கேட்கிற கேள்விதான்.

காரணம் சுலபம். இறங்குகிறவர் பிரேக் போட்டால் நிற்கலாம், பிரேக்கை விட்டால் மறுபடி போகலாம். ஏறுகிற வண்டி பாரத்தோடு நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது பெரும்பாடு, பின்னால் உருளும். அதிலும் வளைவின் உள்பக்கம் பாதை குட்டை, அதனால் ஏற்றம் செங்குத்து. பஸ் மாதிரி நீள வண்டிக்கு முழு அகலமும் வேணும்.

போன மழைக்காலத்தில் நாங்கள் வந்த பஸ் பாதி வளைவில் இருக்கும்போது, மேலேயிருந்து இறங்கின ஒரு கார் நேராக மூக்கை நுழைத்தது. பஸ் நின்றது. எடுக்கும்போது ஓரடி பின்னால் போனது. கண்டக்டர் அண்ணன் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தார். உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிற கர்ப்பிணி அக்கா ஒருத்தர், அரிசி மூட்டை, நாங்கள். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "நான்தானே முதல்ல வந்தேன்?" என்று கேட்டார். அவர் பக்கத்திலேயே பலகை நின்றது. ஆனால் அதில் அவர் கேள்விக்குப் பதில் இல்லையே!

கீழிருந்து வருகிறவர்களை மட்டும் சொன்னால் நியாயமில்லை. பெட்ரோல் மிச்சம் என்று வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு நியூட்ரலில் இறக்குகிற அண்ணன்கள் நம்ம ஊரிலும் இருக்காங்க. (கோபப்படாதீங்க!) இன்ஜின் பிடித்து இழுக்காவிட்டால் முழு வேலையும் பிரேக்குக்குத்தான். அது சூடேறினால் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கணும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

நான் கேட்பது இரண்டு. பார்வை மறைகிற வளைவுகளில் குவி ஆடி வைக்க வேண்டும். அறிவியல் பாடத்தில் அதன் பயனாக நாம் எழுதி மார்க் வாங்குகிறோமே, அதே குவி ஆடிதான். அடுத்து, இறங்குகிற பக்கம் முக்கோணத்துக்குக் கீழே இன்னொரு சின்னப் பலகை. பலகை அதிகமானால் யாரும் படிக்க மாட்டாங்க என்று என் தோழி சொல்கிறாள். மூன்று சொல்லைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நம் பெற்றோர்கள் வருகிற கிராம சபையில் இதைக் கேட்டால் தீர்மானம் போட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பலாம்.

வாசகம் இதுதான்: "ஏறும் வண்டிக்கு வழிவிடவும்". வழிவிடவும் சேர்த்து எழுதணுமா, பிரித்து எழுதணுமா என்பதைத் தமிழ் ஐயா சொன்னால் சார்ட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி