சிறிய தமிழ்ப்பள்ளிக்கு வரும் புதிய ஆசிரியர்: முதலாண்டில் துணை யார்?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ஓராண்டு ஆயத்தப் படிப்பு, நான்காண்டு பட்டப்படிப்பு என ஐந்து ஆண்டுகளை முடித்த ஓர் இளம் ஆசிரியை. சொந்த ஊர் கெடா. வேலை கிடைத்திருப்பதோ ஜொகூரில், பெரிய சாலையை விட்டு செம்பனைக்குள் அரை மணி நேரம் போக வேண்டிய ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். திங்கட்கிழமை காலை சபைகூடலில் மாணவர்கள் கைதட்டி வரவேற்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பூங்கொத்து கொடுக்கிறார். படம் எடுத்து முகநூலில் போட்டாயிற்று.

பத்து மணிக்கு அவர் கையில் பொறுப்புப் பட்டியல் வருகிறது. முதலாம் ஆண்டு வகுப்பாசிரியர். பாடநூல் கடனுதவித் திட்டப் பொறுப்பாளர். கூடுதல் உணவுத் திட்டச் செயலாளர். அறிவியல் பாடக்குழுத் தலைவர். ஓர் இல்ல விளையாட்டு அணிக்கும் பொறுப்பு. பட்டியலின் கடைசியில், வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில், துணைத் தலைமையாசிரியரின் பெயர் இருக்கிறது. அந்தத் துணைத் தலைமையாசிரியர் ஆறாம் ஆண்டுக்குக் கணிதமும் போதிக்கிறார், மாணவர் நலப் பிரிவையும் பார்க்கிறார், மாவட்டக் கல்வி இலாகா கேட்கும் தரவுகளையும் அவரே அனுப்புகிறார்.

இது ஒரே ஒரு பள்ளியின் கதையன்று. மாநிலத்தையும் பாடத்தையும் மாற்றிப் போட்டால், இதை வாசிக்கும் ஆசிரியர்களில் பலர் தங்கள் முதல் நாளை இதில் காண்பார்கள்.

நாட்டில் 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை 150 மாணவருக்கும் குறைவானவை. கல்வி அமைச்சின் கணக்கில் இவை குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளிகள். பள்ளிகளின் எண்ணிக்கை, முதலாம் ஆண்டில் பதிந்தவர்கள் எத்தனை பேர், எந்தப் பள்ளி மூடப்படும், எந்தப் பள்ளி தாமானுக்கு இடம் மாறும் என்றெல்லாம் நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். புத்தாக்கப் போட்டியில் பதக்கம் வென்று வரும் பிள்ளைகளை வரவேற்க விமான நிலையம் வரை போகிறோம். போக வேண்டியதுதான். ஆனால் அந்தச் சிறிய பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு முதல் ஓராண்டில் என்ன நடக்கிறது என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

திட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புதிய ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் கல்வி அமைச்சிடம் இருக்கிறது. பள்ளிக்கு வந்ததும் அறிமுகம், அதன் பிறகு வழிகாட்டி ஆசிரியரின் துணை, தொடர்ந்து தொழில்முறை வளர்ச்சி என்று அது படிப்படியாகப் போகிறது. ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பாடங்களைத் திட்டமிட்டு, ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துப் பேசும் நிபுணத்துவக் கற்றல் சமூகம் என்ற ஏற்பாட்டையும் அமைச்சு பல ஆண்டுகளாக ஊக்குவித்து வருகிறது. மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து பள்ளிகளுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் சிறப்புப் பயிற்றுநர்கள் 2013-இல் தொடங்கிய மாவட்ட உருமாற்றத் திட்டத்தின் வழி வந்தவர்கள். டெலிமா என்ற இணையத் தளத்தில் மின்னியல் பாடநூல்கள் இருக்கின்றன. பொதுச் சேவை ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

காகிதத்தில் குறை காண முடியாது. சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது.

வழிகாட்டுவது என்றால் என்ன? புதியவர் போதிக்கும்போது மூத்தவர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு இருவரும் அமர்ந்து பேச வேண்டும். அடுத்த வாரம் மூத்தவர் போதிப்பதைப் புதியவர் போய்ப் பார்க்க வேண்டும். தாமானில் உள்ள ஒரு பெரிய தமிழ்ப்பள்ளியில் இது நடக்கும். அங்கே முதலாம் ஆண்டிலேயே மூன்று வகுப்புகள் இருக்கும். ஓய்வுப் பாடவேளையில் இருக்கும் யாராவது ஒருவர் கிடைப்பார். ஆண்டுக்கு ஒரு வகுப்பு மட்டுமே உள்ள தோட்டப் பள்ளியில் மூத்தவர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தால் அவருடைய சொந்த வகுப்பு அநாதையாக நிற்கும். அதை யார் பார்ப்பது? ஆகவே அவர் வருவதில்லை. ஆண்டு இறுதியில் பாரம் மட்டும் ஒழுங்காக நிரப்பப்பட்டுக் கையொப்பத்தோடு கோப்பில் சேர்ந்துவிடுகிறது. இதில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. நேரம் இல்லாத இடத்தில் கையொப்பம்தான் மிஞ்சும்.

இன்னொரு குறை வெளியே அதிகம் தெரியாதது. சிறிய பள்ளியில் புதியவருக்கு இணை கிடையாது. முதலாம் ஆண்டு தமிழ்மொழியைப் போதிப்பவர் அந்தப் பள்ளியில் அவர் ஒருவர்தான். 'குறில் நெடில் வேறுபாட்டில் உங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் தடுமாறுகிறார்களா, நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று பக்கத்து வகுப்பில் போய்க் கேட்க முடியாது. பக்கத்து வகுப்பு இரண்டாம் ஆண்டு. அந்த ஆசிரியர் முதலாம் ஆண்டைக் கடைசியாகத் தொட்டு எத்தனை ஆண்டுகளோ. மொத்த மாணவரே 30 பேருக்குள் இருக்கும் பள்ளியாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். அங்கே இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்து, இரண்டு பாடத்திட்டங்களை ஒரே ஆசிரியர் நடத்தும் இணைந்த வகுப்பு முறை வந்துவிடும். ஒரு பக்கம் முதலாம் ஆண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் இரண்டாம் ஆண்டு கணக்குப் போட்டுவிட்டு அடுத்தது என்ன என்று காத்திருக்கும். பயிற்சிக் கழகத்தில் ஒருநிலை வகுப்புக்குப் பழகியவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதற்குச் சமம் இது.

அப்படியானால் புதியவர் எங்கே போகிறார்? கைப்பேசிக்குத்தான் போகிறார். இரவு பத்து மணிக்கு டெலிகிராம் குழுக்களில் நாள் பாடத்திட்டம் தேடுகிறார். யாரோ முகம் தெரியாத ஓர் ஆசிரியர் தம் உழைப்பை இலவசமாகப் பகிர்ந்திருப்பார். அந்தப் பெருந்தன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் உண்மையான நூலகம் இன்று அதுதான். ஆனால் தேசியப் பள்ளி ஆசிரியருக்கு மலாயில் பத்துப் பயிற்றித் தாள்கள் கிடைக்கும் இடத்தில், அறிவியலுக்கும் கணிதத்துக்கும் தமிழில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அதிலும் கலைச்சொல் பிழை இருக்கலாம். பிழை என்று கண்டுகொள்ள அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவர்தான் அதை இறக்கிப் பயன்படுத்துகிறார். இன்னும் முக்கியமாக, பதிவிறக்கம் செய்த தாள் அவருடைய வகுப்பில் மூன்றாவது வரிசைப் பையன் ஏன் வாயே திறப்பதில்லை என்பதைச் சொல்லாது.

அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் பள்ளியின் சிறந்த ஆசிரியர்களை ஆறாம் ஆண்டில் நிறுத்தினோம்; கீழே நடந்தது பிற்பாடுதான் தெரிந்தது. 2021-இல் அந்தத் தேர்வு ஒழிந்தது. இப்போது வகுப்புசார் மதிப்பீடு. ஒவ்வொரு பிள்ளையும் ஆறு அடைவுநிலைகளில் எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியரே பார்த்து முடிவு செய்கிறார். கொள்கை அளவில் நல்ல மாற்றம். ஆனால் இந்த முறை முழுக்க முழுக்க ஆசிரியரின் கண்ணை நம்பியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு மூன்றாம் நிலையா, நான்காம் நிலையா என்பதைத் தீர்மானிக்கப் பல பிள்ளைகளைப் பார்த்த கண் வேண்டும். முதல் ஆண்டு ஆசிரியருக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. அது அவர் குற்றமில்லை. அருகில் அமர்ந்து 'இது மூன்றுதான், ஏன் தெரியுமா' என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொல்ல ஆளில்லாதபோது, பெற்றோரை வருத்தப்பட வைக்காத ஓர் எண்ணைப் போட்டுவிடும் சபலம் வரும். வாசிக்கத் தெரியாத பிள்ளை அப்படியே இரண்டாம் ஆண்டுக்குப் போய்விடும். பொதுத் தேர்வும் இல்லாததால், இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்புவரை யாருக்கும் தெரியாமலே போகலாம்.

2021-இல் அறிவித்த 18,702 ஆசிரியர்களுக்கான சிறப்பு ஆள்சேர்ப்பையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதன் வழி ஒப்பந்த அடிப்படையில் கல்வித் துறைப் பட்டம் இல்லாத பட்டதாரிகளும் பள்ளிகளுக்குள் வந்தார்கள். வேலை செய்துகொண்டே பட்டத்துக்குப் பிந்திய ஆசிரியர் டிப்ளோமாவைப் படிக்க வேண்டியவர்கள் இவர்கள். வகுப்பறையில் முதல் பாடத்தை நடத்தியபோது இவர்களில் சிலருக்குப் பயிற்சிக் கழக அனுபவம்கூட இல்லை. வழிகாட்டியின் தேவை இவர்களுக்கு இரட்டிப்பு. மறுமுனையில், வேலைப்பளு தாங்காமல் விருப்ப ஓய்வில் போகும் மூத்தவர்களைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. 60 வயதுவரை இருக்க வேண்டியவர் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே வீட்டுக்குப் போனால் பள்ளியிலிருந்து வெளியேறுவது ஓர் ஆசிரியர் மட்டுமல்லர், நான்கைந்து புதியவர்களின் வழிகாட்டியும்தான்.

கல்வி அமைச்சர் பட்லினா சிடேக் பொறுப்பேற்ற பிறகு 2023 தொடக்கத்தில் ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைக்க ஏழு நடவடிக்கைகள் அறிவிக்கப்பட்டன. நல்லது. ஆனால் சுமையைக் குறைப்பது எல்லாருக்கும் பொதுவானது. முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவரைத் தனியாகக் கவனிப்பது வேறு வேலை.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் புதிய ஆசிரியருக்குத் தொடக்கத்தில் முழுப் பாடவேளை கொடுப்பதில்லை. அனுபவமுள்ளவர் சுமப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கொடுக்கிறார்கள். மிச்ச நேரம் பார்க்கவும் படிக்கவும் பேசவும். தமிழாசிரியர்கள் கூடிப் பயிற்சி பெற உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்ற ஓர் இடமும் இருக்கிறது. அது சிறிய நாடு, ஒரு மணி நேரத்தில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்துவிடலாம், அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். உண்மைதான். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை பரவிக் கிடக்கும் பள்ளிகளுக்கு ஒரே நிலையம் போதாது. ஆனால் ஒரே மாவட்டத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நான்கைந்து தோட்டப் பள்ளிகள் இருக்கும் இடங்கள் பேராவிலும் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் நமக்கு உண்டு. அந்த நான்கைந்து பள்ளிகளின் முதலாம் ஆண்டு ஆசிரியர்கள் மாதம் ஒரு பிற்பகல் ஒரு பள்ளியில் கூடினாலே, இணை இல்லாத குறை தீர்ந்துவிடும். ஐந்து பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு மூத்த ஆசிரியருக்கு, ஒரு குரு செமர்லாங்காக இருந்தால் இன்னும் நல்லது, பாடவேளையைக் குறைத்து வழிகாட்டும் வேலையைக் கொடுக்கலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம். மாவட்டக் கல்வி இலாகாவில் தமிழ்ப்பள்ளிகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் மனம் வைத்து அட்டவணை போட வேண்டும். தலைமையாசிரியர்கள் அந்தப் பிற்பகலை வேறு கூட்டத்துக்குப் பறித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதுதான் கடினம்.

தலைமையாசிரியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 'எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பள்ளிக்குரிய எல்லாக் கோப்புகளையும் நடத்துகிறேன். புதியவருக்குக் குறைத்தால் யார் தலையில் ஏற்றுவேன்?' என்று கேட்கிறார்கள். 80 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் 800 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் கோப்புகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். எனவே பாடவேளையைக் குறைக்க முடியாவிட்டாலும், முதல் ஆண்டில் பணமும் தரவும் சம்பந்தப்பட்ட பொறுப்புகளையாவது புதியவர் கையில் கொடுக்காமல் இருக்கலாம். கூடுதல் உணவுத் திட்டத்தின் கணக்கில் ஒரு பிழை வந்தால் அதைச் சரிசெய்ய அவர் செலவிடும் மூன்று பிற்பகல்கள் வாசிக்கத் தெரியாத அந்தப் பையனுக்குச் சேர வேண்டியவை. இரண்டு தலைமையாசிரியர்கள் இதைச் சொந்த முடிவாகவே செய்து வருவது எனக்குத் தெரியும். வழக்கமாக மிக இளையவர் தலையில் விழும் கோப்பைத் துணைத் தலைமையாசிரியரே வாங்கிக்கொள்கிறார். பதிலுக்கு அவருடைய விளையாட்டுத் துறை வேலையை இளையவர் எடுத்துக்கொள்கிறார்.

சமூகத்தின் பங்கும் இருக்கிறது. தோட்டத்துக்குப் புதிதாக வரும் இளம் பெண் வாடகை வீடு தேடி அலைவது பெரிய பாடு. பல இடங்களில் ஆசிரியர் குடியிருப்பு இல்லை, அல்லது கூரை ஒழுகுகிறது. பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நல்ல குடும்பம் ஒன்றில் ஓர் அறையைப் பேசி வைத்தால் அவர் முதல் மாதத்தை நிம்மதியாகத் தொடங்குவார். பக்கத்துப் பட்டணத்தில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை தேநீர் நேரத்தில் புதியவரின் கேள்விகளைக் கேட்டுப் பதில் சொல்ல அவர்களை அழைக்கலாம். ஆய்வாளராக வர வேண்டாம், 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கவும் வேண்டாம். பெற்றோருக்கு ஒன்று: வகுப்பு வாட்சாப் குழுவில் இரவு பதினொன்றுக்கு 'டீச்சர், நாளைக்கு என்ன புத்தகம்?' என்று கேட்பதை நிறுத்தலாம். குழுவில் எல்லார் முன்னிலையிலும் புகார் எழுதுவதற்குப் பதிலாக, பள்ளிக்கு நேரில் வந்து உட்கார்ந்து பேசலாம். முதல் ஆண்டில் ஓர் ஆசிரியரை ஒடித்துப் போடுவது பல நேரங்களில் பிள்ளைகள் அல்லர், கைப்பேசித் திரைதான்.

2027-இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய பாடத்திட்டம் வருகிறது. பழைய பாடத்திட்டத்தையே இன்னும் முழுமையாகக் கைவசப்படுத்தாத புதியவர்கள் அதைப் போதிக்கப் போகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இடையில் ஒரு கேள்வியை எழுப்பிப் பாருங்கள்: நம் பள்ளிக்குக் கடைசியாக வந்த ஆசிரியரின் வகுப்பில் வழிகாட்டி ஆசிரியர் இந்த ஆண்டு எத்தனை முறை உட்கார்ந்தார்? பதில் ஓர் எண்ணாக வர வேண்டும். 'எல்லாம் நடக்கிறது' என்று வந்தால், எழுந்து நின்று இன்னொரு முறை கேளுங்கள்.