தைத்தவன் போட்டால் ஏன் எரிகிறது?

சில மாதங்களுக்கு முன் திருப்பூரில் ஓர் இலக்கியக் கூட்டம். முற்போக்குக் கூட்டம்தான். கதர்ச் சட்டையும் ஜோல்னாப் பையுமாக வந்திருந்த பேச்சாளத் தோழர் உலகமயம், சந்தை, நுகர்வு வெறி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் நம்ம பசங்க தலைமேல் வந்து இறங்கினார். தலித் இளைஞர்கள் சந்தைக்குப் பலியாகி நிற்கிறார்களாம். கையில் காசில்லையாம், காலில் ஷூவாம். அம்பேத்கரைப் படிக்க வேண்டிய வயதில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ரீல்ஸ் எடுக்கிறார்களாம். ஃபேஷன் பின்னால் ஓடாமல் அவரவர்க்குப் பொருத்தமான எளிய உடையை உடுத்தப் பழக வேண்டுமாம். கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் குனிந்து தன் சட்டையை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் அது தெரியாதபடி நெஞ்சுக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டான். இருபது வயசுப் பையன். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அவன் போட்டிருந்தது என்ன சட்டை என்று சொல்லிவிடுகிறேன். காதர்பேட்டையில் வாங்கிய செகண்ட்ஸ் சரக்கு. தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கித் தொங்குமே, ட்ராப் ஷோல்டர், ஓவர்சைஸ், அந்த மாடல். நெஞ்சில் இருந்த சின்ன பிரிண்ட் கோணிப்போனதால் ஏற்றுமதியில் கழித்துவிட்டார்கள். விலை நூற்றிருபது ரூபாய். பெரிய சைஸ்தான் கிடைத்தது, பையனோ ஒல்லி. அப்படியே போட்டால் ஆள் உள்ளே காணாமல் போயிருப்பான். என் அக்கா ஓவர்லாக் டெய்லர். பதினெட்டு வருசமாகப் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மிஷினில் உட்கார்ந்து, பக்கவாட்டில் பிடித்து, நீளத்தில் மூன்று விரல் குறைத்து, கழுத்து ரிப்பைப் பிரித்து நீல ரிப் வைத்தாள். கோணல் பிரிண்ட் மேலே அதே நீலத்தில் ஒரு பாக்கெட். தோள் மட்டும் தொங்கட்டும், அதுதான் இப்ப மாடல் என்று விட்டுவிட்டாள். தோழர் கண்ட நுகர்வு வெறி இவ்வளவுதான். நூற்றிருபது ரூபாயும் என் அக்காவின் ஒரு லீவு நாளும்.

புதுப் பாணியை அன்றாட உடுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது எப்படி என்று ஞாயிறு இணைப்புகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் வளவில் இதை யாரும் எழுதிப் படித்ததில்லை. ஊரிலிருந்து கிடைத்த பழந்துணியைப் பிரித்து, திருப்பி, ஒட்டுப்போட்டுத் தங்களுக்காக்கிக்கொண்ட பெண்களின் பேத்திகள் அவர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பாக்காரன் அடுத்த கோடைக்கு என்ன போடப்போகிறான் என்பது சென்னைக்குத் தெரியும் முன்னால் திருப்பூரில் பிசிர் வெட்டுகிற பெண்ணுக்குத் தெரியும். சாம்பிள் பீஸ் அவள் கை வழியாகத்தான் போகிறது. கழுத்து அகலமாகுதா, கை நீளுதா, எந்தக் கலர் ஓடப்போகுது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதியாகிற ஊர் இது. சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை நாசமாகி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும், உலகம் எந்த நிறத்தை விரும்பியதோ அந்த நிறம் எங்கள் ஆற்றிலும் ஓடியது. ஃபேஷனை யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து எங்கள் பையன்கள் தலையில் கட்டிவிட்டதாகப் பேசுகிறவருக்குத் திருப்பூரில் நின்றுகொண்டு அதைப் பேசக் கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

சரி, அந்தப் 'பொருத்தம்' என்ற சொல்லுக்கு வருவோம். பொதுப்புத்தியில் இது ரொம்ப அப்பாவியான சொல். நிறத்துக்குப் பொருத்தம், உடல்வாகுக்குப் பொருத்தம். கறுத்த தோலுக்கு மஞ்சள் எடுக்காது, அடிக்கிற சிவப்பு வேண்டாம், மங்கலாகப் போடு என்று ஜவுளிக்கடைப் பெண் வரை எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். பளிச்சென்று போட்டால் ராமராஜன் சட்டை என்று சிரிப்பு. டீசன்ட் என்பது யாருடைய கண்ணுக்கு? அந்தக் கண்ணை யார் கொடுத்தார்கள்? என் ஆபீசில் ஒரு மேலதிகாரி, நல்ல மனுசர்தான், அயர்ன் செய்த என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "உங்களப் பாத்தா யாரும் சொல்லவே மாட்டாங்க சார்." எதைச் சொல்ல மாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, சிரித்துவைத்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

எங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டம் போட்டுச் சொன்ன காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. பெண்கள் மாரை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. நகை கூடாது. கோட்டும் சட்டையும் பனியனும் போடக் கூடாது. ஆமாம், பனியன். திருப்பூரில் பனியன் கம்பெனி வந்தது 1920களில். ஊருக்குள் பனியன் வந்து சூடு ஆறுவதற்குள் இன்னாருக்கு அது கிடையாது என்று தடை வந்துவிட்டது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த 1931 ஜூனில் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாகின. இதே 1930இன் கடைசியில்தான் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கோட்டுப் போட்டுக்கொண்டு லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோட்டை வெறும் துணி என்றா எண்ணுகிறீர்கள்?

எங்கள் கொங்குச் சீமைக்கு இப்படி எழுதிப்போட்ட தடை தேவைப்படவில்லை. பழக்கமே போதும். என் தாத்தா காங்கேயம் பக்கம் பண்ணையத்தில் இருந்தவர். செருப்புத் தைப்பார். கமலைக்கு வால்பறி தைப்பார். பண்ணாடி காலுக்கு அளவெடுத்து அவர் தைத்த செருப்பு வருசக்கணக்கில் உழைக்கும் என்று ஊரே சொல்லும். ஆனால் ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது அவர் செருப்பு அவர் கையில் இருக்கும். துண்டு இடுப்பில் இருக்கும். தாத்தாவுக்கு அந்தச் செருப்பு பொருந்தாமலா போயிற்று? அவர் காலை அளந்து அவரே தைத்தது. பொருந்தாதது ஊருக்கு. இன்றைக்கு அவர் பேத்தி டீ-சர்ட் தைக்கிறாள். அவள் மகன் போட்டால் உறுத்துகிறது. தைக்கிற வரைக்கும் தொழிலாளி, போட்டுக்கொண்டு நடந்தால் திமிர் பிடித்தவன்.

இந்த எளிமை உபதேசத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேல்சட்டையைக் கழற்றி இடுப்புத் துணியோடு நின்றார். உலகமே உருகியது. அவருக்குக் கழற்ற ஒரு சட்டை இருந்தது, கழற்றியதும் மகாத்மா ஆனார். கழற்றவே சட்டை இல்லாதவன், போட்டால் அடிபடுகிறவன், அவனுக்கு எளிமையைப் போதிப்பதில் என்ன பெருந்தன்மை இருக்கிறது? எளிமை என்பது இருப்பவனின் அழகியல்.

உடனே படித்தவர்கள் வேறொரு கத்தியை உருவுவார்கள்: போலச் செய்தல். எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகர்களைப் பற்றிய நூலில் சமஸ்கிருதமயமாதல் என்று சொல்லிவைத்தார் அல்லவா, கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பார்த்து நடக்கிறான் என்று? அதை நம்ம பையன் ஜீன்ஸ் வரைக்கும் இழுப்பார்கள். 1927 டிசம்பரில் மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்த கையோடு அம்பேத்கர் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினார். முழங்கால் தெரியத் தூக்கிக் கட்டும் சேலையையும் கை நிறையப் போடும் கனத்த காப்புகளையும் விடச் சொன்னார். சாதியைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கிற குறிகள் அவை. இது போலச் செய்தலா, சூட்டுத் தழும்பை அழிப்பதா? திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டு அடிபட்டார்கள். கடைசியில் 1859இல் அரசு இறங்கிவந்து அறிவித்தது: மேலே மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக் கூடாது. போட்டுக்கொள், உனக்குத் தக்க மாதிரி போட்டுக்கொள். நம் தோழர் மேடையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதானே?

யார் யாரைப் பார்த்துப் போடவில்லை? ஜீன்ஸ் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் கால்சட்டை. பாக்கெட் கிழியாமலிருக்க ரிவெட் அடிக்கும் முறைக்கு 1873இல் காப்புரிமை வாங்கினார்கள். டீ-சர்ட் அமெரிக்கக் கப்பற்படைக்காரன் உள்ளே போட்ட பனியன். உழைக்கிறவன் துணியை எடுத்துப் பணக்காரன் போட்டால் ஸ்டைல். அது சுற்றிக்கொண்டு உழைக்கிறவனிடமே திரும்பி வந்தால் காப்பியடிக்கிறான்.

2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். அடுத்து வந்த வாரங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். நான் அப்போது கல்லூரியை முடித்திருந்த நேரம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜீன்ஸ், அதுவும் முட்டியில் வெளுத்தது. (ஜீன்ஸ் எங்கள் ஊர்ச் சரக்கு இல்லை. டீ-சர்ட் எங்கள் சரக்கு, அதற்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம்.) எரித்தவன் கையில் இருந்த தீயை விட்டுவிட்டு எரிந்தவன் போட்டிருந்த துணியை விசாரித்தார்கள். நான்கு வருசத்தில், 2016 மார்ச் 13, எங்கள் மாவட்டத்து உடுமலைப்பேட்டை. இன்ஜினியரிங் மாணவன் சங்கர், சாதி கடந்து கட்டிய மனைவியோடு கடைக்குப் போய்த் துணி வாங்கிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தபோது பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். சட்டைக்காகக் கொல்லவில்லை, தெரியும். ஆனாலும் ஜவுளிக்கடைக்கு மருமகனோடு போகும்போதெல்லாம் எனக்கு அந்த வீடியோதான் ஞாபகம் வருகிறது. குஜராத்தில் 2017இல் மீசை வைத்ததற்கு அடித்தார்கள். 2023இல் அங்கே பனாஸ்காந்தா மாவட்டத்தில் நல்ல உடுப்பும் கண்ணாடியும் போட்டதற்கு அடித்தார்கள். இதில் எந்த அடி சந்தையை எதிர்த்து விழுந்த அடி?

நுகர்வைப் பற்றி எனக்கும் பேசத் தெரியும். சனிக்கிழமை ஏறுகிற வாரச் சம்பளம் செவ்வாய்க்குள் காலியாகிற கணக்குகளைக் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். தவணையில் போன் வாங்கிவிட்டு முழிக்கிற பையன்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிராண்டு போட்டால் சாதி போய்விடும் என்று நம்புகிறவனைப் பார்த்தால் எனக்கும் பாவமாக இருக்கிறது. அதைப் பேசுகிறவர் முதலில் ஒன்றரை ஷிப்ட் கூலியைப் பேசட்டும். குருபூசைக்குச் சாதித் தலைவர் படம் போட்ட டீ-சர்ட்டை ஆயிரக்கணக்கில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்களே, அதை எந்த மேடையில் சந்தைப் பண்பாடு என்று திட்டினார்கள்? நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியபிறகு போட்ட சந்துரு கமிட்டி, பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டுகிற சாதிக் கயிறுகளுக்குத் தடை கேட்டு 2024இல் அறிக்கை கொடுத்தது. அந்தக் கயிறும் ஒரு ஃபேஷன்தான் தோழர். அதைப் பார்த்து யாரும் எளிமையாக இருங்கள் என்று சொல்லவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் இதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோமா, அக்கா மகள் லெக்கின்ஸும் குட்டை டாப்பும் போட்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளும் கல்லூரிக்காரிதான். மேடைப் பேச்சுக்குக் குறுகிப்போய் வந்த அதே பையன், "ஏய், ஷாலை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போ" என்று தங்கச்சியை அதட்டுகிறான். நான் பேசாமல் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நம் இயக்கத்துக் கூட்டங்களில்கூட ஆண்கள் என்ன போட்டாலும் கலகம், பெண்கள் போட்டால் மட்டும் பண்பாடு ஞாபகம் வந்துவிடுகிறது. பெண் உடம்பின் மேல் நாம் போடுகிற தடைகளை எண்ணினால் எட்டோடு நிற்காது. அக்காதான் அடுப்படியிலிருந்து கத்தினாள்:

"டேய், அந்த லெக்கின்ஸ் பீஸ் எங்க லைன்ல ஓடுனது. நான் தச்சதுடா. அளவு பாத்துத் தச்ச எனக்குத் தெரியாதா அது அவளுக்கு ஆவுமா ஆவாதான்னு? நீ மூடிட்டு உன்ற சட்டையப் பாரு."

பையன் வாயடைத்துப்போனான். அவள் ஷால் இல்லாமலே போனாள்.

அடுத்த மாதமும் கூட்டம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை. அதே தோழர்தான் பேசுகிறார் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. மருமகனிடம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். "மாமா, அத விட இன்னொண்ணு இருக்கு, மஞ்சக் கலரு" என்றான். அக்காவையும் மகளையும் கூப்பிட்டேன். துவைக்கிற வேலை கிடக்குது, முடிஞ்சா வர்றேன் என்றாள் அக்கா. வந்தால் முன்வரிசையில் உட்கார வைப்பேன்.