குரலுக்கு ஒரு விலாசம்

மும்பையில் இடம்தான் விலை அதிகம், ஒலிப்பதிவு மலிவு. ஒரு பழைய லேப்டாப், சுமாரான மைக், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் இருந்தால் போதும். செம்பூர் ஃபிளாட்டின் படுக்கையறையும் தாராவியின் பத்துக்குப் பத்து அறையும் ஸ்டுடியோ ஆகிவிடும். மாட்டுங்காவில் பாட்டு கற்பவர்கள் குருவின் பாடத்தைப் பதிகிறார்கள். தாராவியில் பேரன்மார், திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பத்தின் கதையைப் பாட்டியிடம் கேட்டுப் பதியலாம். 2018-ல் வெளியான ‘காலா’ படத்தின் பாடல்களில் தாராவியின் டோப்படெலிக்ஸ் குழு குரல் கொடுத்த பிறகு, ராப் எழுதிப் பதியும் ஆசை அந்தச் சந்துகளில் புதிதல்ல.

மைக்கை எங்கே வைப்பது என்று அரை மணி நேரம் யோசிப்பவர்கள்கூட, பதிவை எங்கே வைப்பது என்று அரை நிமிடம் யோசிப்பதில்லை. அதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடுகிறது. தன் வசதிப்படி.

ஆடாசிட்டியில் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் பதிவு போய்ச் சேருவது ஒரு தற்காலிக ஃபோல்டரில். பெயர் கொடுத்து ‘சேவ்’ செய்யும்வரை அங்கே அதற்கு ஒண்டுக் குடித்தனம்தான். விண்டோஸில் அந்த ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவில் இருக்கும். கம்ப்யூட்டர் மக்கர் செய்து, ரிப்பேர்காரர் விண்டோஸைப் புதிதாகப் போடும்போது முதலில் துடைக்கப்படுவதும் அதே டிரைவ்தான்.

இடப் பற்றாக்குறை இன்னொரு தொல்லை. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்லும் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இந்தத் தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜி.பி. வேண்டும். டிஸ்க் நிரம்பினால் பதிவு பாதியில் நிற்கும். சாதாரண எம்பி3 என்றால் அதே ஒரு மணி நேரம் 58 எம்.பி.யில் அடங்கிவிடும். ஆனால் அது ஒலியின் சில பகுதிகளை நீக்கித்தான் அப்படிச் சுருங்குகிறது, நீக்கியது திரும்பாது. எம்பி3 அனுப்புவதற்கு, வேவ் ஃபைல் வைத்துக்கொள்வதற்கு.

2021-க்கு முன் வந்த ஆடாசிட்டி இன்னொரு வினையும் செய்தது. பதிவின் பெயரில் ஒரு சிறு ஃபைல், பக்கத்தில் ஒலி முழுவதும் அடங்கிய ஒரு ஃபோல்டர் என்று இரண்டாகப் பிரித்து வைத்தது. சிறு ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனவர்களுக்கு மிஞ்சியது பெயர்தான். 2021-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இரண்டும் ஒரே ஃபைல்.

ஆக, வரிசையை மாற்ற வேண்டும். முதலில் சி டிரைவுக்கு வெளியே, கம்ப்யூட்டருக்குள்ளேயே தாராளமான ஓர் இடத்தில் ஃபோல்டர். அதில் பெயரோடு ‘சேவ்’. பிறகுதான் சிவப்புப் பொத்தான். பென் டிரைவிலோ, இன்டர்நெட்டோடு தானாக ஒத்துப்போகும் ஃபோல்டரிலோ நேரடியாகப் பதிவது ஆபத்து. ஒன்று வேகம் போதாமல் திக்கும். மற்றது எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபைலில் கை வைக்கும். பதிந்து முடித்து, தேதி, பேசியவர் பெயர், ஊர் மூன்றும் தெரியும்படி பெயரிட்டு வேவ் ஃபைலாக மாற்றிய பிறகு தாராளமாக நகல் எடுக்கலாம்.

அந்த நகல் எங்கே இருக்க வேண்டும் என்பதை மும்பைக்காரர்களுக்கு மழையே சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். மித்தி ஆறு கரை புரண்டு, அதை ஒட்டிய தாழ்வான பகுதிகள் மூழ்கின. தண்ணீர் புகுந்த வீட்டில் கேசட்டும் ஹார்டு டிஸ்க்கும் ஒன்றுதான். அதே நாளில் தென்கோடி கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர் மட்டுமே. மேசையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று வைப்பது இரண்டு நகல் ஆகாது. ஒன்று வேறு பேட்டையில், முடிந்தால் ஊரில் உள்ள சித்தப்பா வீட்டில் இருக்க வேண்டும்.

எல்லாம் இன்டர்நெட்டில் பத்திரமாக இருக்கும் என்று நம்புபவர்கள் மைஸ்பேஸ் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள். சர்வர் மாற்றியபோது பழைய ஃபைல்கள் போய்விட்டன என்று அந்த நிறுவனம் 2019-ல் ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்றப்பட்ட பாடல்கள் அழிந்தன. வேறு நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். இன்டர்நெட் ஓர் இடம். ஒரே இடம் அல்ல.

தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டர் 2022-ல் அதானி குழுமத்துக்குப் போனது. இடிப்பதும் கட்டுவதும் முடியும்போது பல குடும்பங்கள் வேறு திசையில் இருக்கும். அக்கம்பக்கத்தார் கலைந்த பிறகு பாட்டியின் கதையைச் சரிபார்த்துச் சொல்லவும் ஆள் இருக்காது. எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், யாரிடம் நகல் என்பதை ரேஷன் கார்டு வைக்கும் உறையில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவது நல்லது. அதற்குக் கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை.